செக் கோஸும் கிரேக்க ஃபெட்டாவும்: அடி சொதசொதக்காமல் அடுக்குப் பிட்டா சுடும் முழு வழி

இந்தப் பிட்டா கெட்டுப்போனால் பத்துக்கு ஒன்பது தடவை காரணம் தண்ணீர்தான். முட்டைக்கோஸில் தண்ணீர், லீக்ஸ் எனும் தடித்த வெங்காயத்தண்டில் தண்ணீர், த்வரோக் எனும் செக் பாலாடைக்கட்டியில் மோர்த்தண்ணீர், ஃபெட்டா எனும் கிரேக்கப் பாலாடைக்கட்டியில் உப்புத்தண்ணீர். இத்தனையையும் மெல்லிய மாவு அடுக்குக்குள் மூடி அவனில் (சுடும் மின்னடுப்பில்) வைத்தால் மேலே பொன்னிறமாகவும் கீழே கஞ்சியாகவும் வரும். புதிதாகச் செய்கிறவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தவரை, அளவில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை, வரிசையில்தான் தவறுகிறார்கள். முதலில் காயை வதக்குவார்கள், சூடு ஆறுவதற்குள் முட்டையை உடைத்து ஊற்றுவார்கள், அதற்கப்புறம் மாவு பிசைய உட்காருவார்கள், மாவு ஊறி முடிப்பதற்குள் பாத்திரத்தின் அடியில் ஒரு குளமே கட்டியிருக்கும்.

ஆகவே கீழே இருக்கும் வரிசையை மாற்றாதீர்கள். அளவைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிக்கொள்ளலாம்.

## 1. என்ன செய்யப்போகிறோம்

மெல்லிய மாவுத் தாள்களுக்கு நடுவே காயும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுடுவதை கிரேக்கர்கள் பிட்டா என்பார்கள். கடையில் வாங்கும் தட்டை ரொட்டி வேறு, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நாம் செய்வதில் வடிவம் கிரேக்கம், பூரணம் பாதி செக்: புளித்த கோஸ், த்வரோக், சீரகம்போல் இருக்கும் கேரவே விதை ஆகிய மூன்றும் செக் சமையலறைச் சாமான்கள். ஃபெட்டா, லீக்ஸ், டில் (சதகுப்பைக் கீரை), ஆலிவ் எண்ணெய் கிரேக்கப் பக்கம்.

இந்தச் சேர்க்கை ஒட்டுப்போட்டதுபோல் இல்லாமல் இயல்பாகவே பொருந்தும். வடமேற்கு கிரேக்கத்தில் கஸ்டோரியா, ஃப்ளோரினா பக்கம் குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸை உப்புநீரில் போட்டுப் புளிக்கவைக்கும் வழக்கம் உண்டு, அதற்கு அர்மியா என்று பெயர், அதை பிட்டாவுக்குள்ளும் வைப்பார்கள். 1949இல் முடிந்த உள்நாட்டுப் போரின்போதும் அதன் பிறகும் அந்தப் பக்கத்திலிருந்து செக்கோஸ்லோவாகியாவுக்கு வந்து கிர்னோவ், யெசெனிக், பிர்னோ என்று குடியேறியவர்கள் பலர். கூடவே செக்காரர்கள் ஆப்பிள் ஸாவினுக்கு (ஆப்பிளை மெல்லிய மாவில் சுருட்டிச் சுடும் ஸ்ட்ரூடல்) இழுக்கும் மாவும் கிரேக்க வீட்டு ஃபில்லோ எனும் மெல்லிய மாவுத் தாளும் ஏறக்குறைய ஒன்றே: மாவு, வெதுவெதுப்பான தண்ணீர், கொழுப்பு, உப்பு, கொஞ்சம் வினிகர். ஒன்றைப் பிசையத் தெரிந்தால் மற்றதும் வந்துவிடும். வரலாறு இவ்வளவு போதும்.

## 2. வாங்க வேண்டியவை, வாங்கும் இடத்திலேயே தவறுபவை

30 செ.மீ. வட்டத் தட்டு ஒன்றுக்கான அளவு இது. தட்டு உலோகமாக இருக்கட்டும். கண்ணாடியும் பீங்கானும் மெதுவாகச் சூடாகும், அடி மாவு வேகத் தொடங்குவதற்குள் பூரணத்தின் ஈரம் இறங்கிவிடும்.

மாவுக்கு: மைதா 500 கிராம், உப்பு 1 தேக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி, வினிகர் 1 மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் 250 மி.லி., தேவைப்பட்டால் இன்னும் 20 மி.லி.

பூரணத்துக்கு: முட்டைக்கோஸ் 600 கிராம், லீக்ஸ் 400 கிராம், புளித்த கோஸ் 250 கிராம், த்வரோக் 250 கிராம், ஃபெட்டா 200 கிராம், முட்டை 2, வெங்காயத்தாள் 4, டில் ஒரு கைப்பிடி, கேரவே 1 தேக்கரண்டி, மிளகுத்தூள், ரவை 1 மேசைக்கரண்டி. இவை தவிர ரொட்டித்தூள் 3 மேசைக்கரண்டி, தடவ ஆலிவ் எண்ணெயும் நெய்யும் கலந்து 120 மி.லி., மாவு தேய்க்கும்போது தூவ சோளமாவு (கார்ன்ஃப்ளோர்).

செக் கடைகளில் கோதுமை மாவு மூன்று பதத்தில் இருக்கும். நமக்கு வேண்டியது ஹ்லட்கா, அதாவது மிக நைசாக அரைத்தது. ஹ்ருபா கொரகொரப்பானது, அவர்கள் கிநெட்லிக் எனும் மாவு உருண்டைக்கு வாங்குவார்கள், அதில் தாள் இழுத்தால் கிழியும். பாக்கெட்டுகள் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால் அவசரத்தில் மாறிவிடுகிறது, நிதானமாகப் படித்து எடுங்கள்.

த்வரோக் பாலைப் புளிக்கவைத்து உறையச் செய்து வடிக்கும் பாலாடைக்கட்டி. டப்பாவில் வரும் வழவழப்பான வகையைத் தொடாதீர்கள், தாளில் செங்கல்போல் சுற்றி விற்கும் கெட்டி வகைதான் வேண்டும். கிரேக்கர்கள் ஃபெட்டாவோடு மிஸித்ரா எனும் மென்மையான பாலாடைக்கட்டியைச் சேர்த்து உப்பைத் தணிப்பார்கள். அந்த இடத்தைத்தான் த்வரோக் பிடிக்கிறது, ஆனால் மிஸித்ராவில் இல்லாத ஒரு புளிப்பு இதில் உண்டு.

ஃபெட்டா என்ற பெயர் 2002லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் பாதுகாக்கப்பட்டது. கிரேக்கத்தில் செம்மறிப் பாலில், வெள்ளாட்டுப் பால் 30 சதவீதத்துக்கு மேல் போகாமல் செய்தால்தான் அந்தப் பெயர். அதனால் பசும்பாலில் செய்யும் ஒத்த வகையை செக் கடைகளில் பால்கன் சீஸ் என்று விற்கிறார்கள். விலை குறைவு, இந்த வேலைக்குப் போதும், ஆனால் பெரும்பாலும் உப்பு தூக்கலாக இருக்கும், அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைத்துவிடுங்கள். சைவம் பார்க்கிறவர்கள் ஃபெட்டாவில் வழக்கமாக விலங்கு ரென்னெட் (கன்று, ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பால் உறைப்பான்) சேரும் என்பதை நினைவில் வைத்து லேபிளைப் படியுங்கள்.

கேரவேக்குப் பதிலாக நம் சீரகத்தைப் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போடாதீர்கள். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் வாசனை முற்றிலும் வேறு. சீரகம் விழுந்த உடனே பூரணம் பொரியல் பக்கம் சாய்ந்துவிடும். கேரவே கிடைக்கவில்லை என்றால் அரைத் தேக்கரண்டி சதகுப்பை விதையைத் தட்டிப் போடுங்கள், இரண்டுக்கும் வாசனை தருவது கார்வோன் என்ற ஒரே பொருள்தான்.

ஊரில் இருந்து செய்கிறவர்களுக்கு: த்வரோக்குக்குப் பதில் கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு எடுத்ததும் உதிர்த்த பனீரும் பாதிப் பாதி. லீக்ஸ் இல்லையென்றால் வெங்காயத்தாள் கூடுதலாக. புளித்த கோஸை வீட்டிலேயே போடலாம், ஒரு கிலோ கோஸைச் சன்னமாக நறுக்கி 20 கிராம் உப்புப் போட்டுப் பிசைந்து, தன் நீரிலேயே மூழ்கும்படி ஜாடியில் அழுத்தி வையுங்கள். செக் நாட்டுக் குளிரில் வாரக்கணக்கில் ஆகும் வேலை, நம் வெயிலில் ஐந்தாறு நாளில் புளித்துவிடும்.

## 3. முந்தின இரவு: த்வரோக்கைக் கட்டுங்கள்

கெட்டி த்வரோக்கும் உள்ளே நீர் வைத்திருக்கிறது. மெல்லிய துணியில் கொட்டி முடிச்சுப் போட்டு, கீழே ஒரு கிண்ணம் வைத்து, ஃபிரிட்ஜுக்குள் வடிகட்டியில் விட்டுவிடுங்கள். காலையில் கிண்ணத்தில் மஞ்சள் கலந்த தெளிந்த நீர் தேங்கியிருக்கும். இப்போது வடிக்காவிட்டால் அவன் சூட்டில் புரதம் இறுகும்போது அதே நீர்தான் அடி மாவுக்குள் இறங்கும்.

மறந்துவிட்டீர்களா? சமைக்கும் அன்று ஒரு மணி நேரம் மேலே கனம் வைத்து அழுத்தினாலும் ஓரளவு சரியாகும். கடை ஃபில்லோ என்றால் அதை உறைபெட்டியிலிருந்து ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றவேண்டியதும் இதே இரவுதான்.

## 4. அன்றைக்கு முதல் வேலை மாவு

மைதா, உப்பைக் கலந்து நடுவில் குழி பறித்து எண்ணெய், வினிகர், தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டாமல் கடைசி ஐந்தில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டு பிசையுங்கள், மாவுக்கு மாவு தண்ணீர் குடிப்பது மாறும்.

பத்து நிமிடம் நன்றாகப் பிசையவேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் கையில் ஒட்டும், அப்போது மாவைத் தூவித் தூவிச் சேர்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. சேர்க்காதீர்கள். அந்தப் பிசுபிசுப்பு தானாக அடங்கும். கடைசியில் விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக மேலே வரவேண்டும், காது மடலைத் தொடுகிற மாதிரி மென்மை இருக்கவேண்டும். வீச்சு பரோட்டாவுக்கு மாவு பிசைந்து பழகியவர்களுக்கு இந்தப் பதம் உடனே பிடிபடும்.

வினிகர் எதற்கு? மாவின் பசைத்தன்மையைக் கொஞ்சம் தளர்த்தும், இழுக்கும்போது தாள் சுருங்கித் திரும்பாது. ருசியில் தெரியாது.

எட்டு உருண்டைகளாகப் பிரித்து (ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 கிராம்) எண்ணெய் தடவி மூடி வையுங்கள். செக் நாட்டில் ஸாவின் மாவை மூட ஒரு பாத்திரத்தைச் சூடாக்கிக் கவிழ்த்து வைப்பார்கள், அதையே செய்யுங்கள், வெதுவெதுப்பில் மாவு சீக்கிரம் தளரும். குறைந்தது ஒரு மணி நேரம். அரை மணி நேரத்தில் எடுத்துத் தேய்த்தால் ரப்பர்போலத் திரும்பி வரும், கோபத்தில் அழுத்துவீர்கள், கிழியும்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் மற்ற எல்லா வேலையும் நடக்கப்போகிறது. மாவை முதலில் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

## 5. முட்டைக்கோஸுக்கு உப்பு, அப்புறம் பிழிதல்

கோஸைச் சன்னமாக நறுக்குங்கள், நடுத்தண்டு வேண்டாம். ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு இரண்டு நிமிடம் கையால் கசக்கி, அரை மணி நேரம் ஓரமாக வையுங்கள். உப்பு வெளியிலிருந்து நீரை இழுக்கும், இலை தொய்ந்துபோகும். பிறகு பிழியுங்கள்.

பிழிவது என்றால் கையில் அள்ளி ஒரு அழுத்து அழுத்துவது இல்லை. ஒரு துண்டில் கொட்டி முறுக்குங்கள், இனி சொட்டாது என்று தோன்றும்போது துண்டின் இன்னொரு பக்கத்தைப் பிடித்து மறுபடி முறுக்குங்கள், இரண்டாவது முறுக்கில் வருகிற நீரைப் பார்த்தால் நம்பவே மாட்டீர்கள். கடைசியில் கோஸ் ஒரு கெட்டிப் பந்துபோல் நிற்கவேண்டும்.

புளித்த கோஸையும் தனியாகப் பிழியுங்கள். ரொம்பப் புளிப்பாக இருந்தால் ஒரு தடவை தண்ணீரில் அலசலாம், அதற்கு மேல் அலசினால் புளித்த வாசனை போய் வெறும் நார்தான் மிஞ்சும். வினிகர் ஊற்றிப் புளிப்பாக்கிய வகை சில பாக்கெட்டுகளில் வரும், அதை வாங்கியிருந்தால் அலசித்தான் ஆகவேண்டும்.

## 6. வதக்கல்

லீக்ஸைப் பாதியாகப் பிளந்து, மடலுக்கு மடல் மண்ணைக் கழுவி, வெள்ளையும் இளம்பச்சையும் உள்ள பகுதியை மட்டும் நறுக்குங்கள். கழுவாமல் நறுக்கினால் முதல் கடியிலேயே பல்லில் மண் கரகரக்கும்.

அகலமான வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். கேரவேயைக் கல்லில் லேசாகத் தட்டி அதில் போட்டு, வாசனை கிளம்பியதும் லீக்ஸ். மிதமான தீயில் எட்டுப் பத்து நிமிடம், நிறம் மாறக்கூடாது, குழையவேண்டும். பின் புளித்த கோஸ், அதன் பின் பிழிந்த பச்சைக் கோஸ். மூடி போடாதீர்கள், மூடினால் ஆவி திரும்பக் காய்க்குள்ளேயே விழும். இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம், கரண்டியால் ஒதுக்கினால் வாணலியின் அடி உலர்ந்து தெரியவேண்டும். ஈரம் மினுமினுத்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம்.

நெரிசலான சின்ன வாணலியில் செய்யாதீர்கள். காய் வதங்காது, தன் நீரிலேயே அவியும்.

ஆனதும் அகலத் தட்டில் பரப்பிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் ஆற மணிக்கணக்கில் ஆகும்.

## 7. கலவை, முழுக்க ஆறிய பிறகு

சூடான காயில் முட்டையை ஊற்றினால் அங்கங்கே வெந்து கட்டியாகும், ஃபெட்டா உருகி உப்புநீரை விடும். தொட்டுப் பார்த்தால் குளிர்ச்சியாக இருக்கவேண்டும், வெதுவெதுப்பு போதாது.

முதலில் த்வரோக்கை முள்கரண்டியால் உதிர்த்துக் கலந்து, வெங்காயத்தாள், டில், மிளகு சேருங்கள். ஃபெட்டாவைக் கையால் உடைத்துப் போடுங்கள், பொடியாக்க வேண்டாம். கொட்டைப் பாக்கு அளவுத் துண்டுகள் அங்கங்கே கிடந்தால் கடிக்கும்போது உப்பு பளிச்சென்று வரும், மாவாக்கிவிட்டால் எல்லா வாயும் ஒரே ருசி.

இப்போது ருசி பாருங்கள், முட்டைக்கு முன்னால். பிழிந்த கோஸ், புளித்த கோஸ், ஃபெட்டா, மாவு என்று நான்கு இடத்திலிருந்து உப்பு வந்திருக்கிறது, தனியாக உப்புச் சேர்க்கவேண்டிய நிலை அபூர்வம். குறைவாகத் தோன்றினால் இன்னும் கொஞ்சம் ஃபெட்டா போடுங்கள். கடைசியில் அடித்த முட்டையும் ரவையும்.

முட்டை வேண்டாம் என்கிறவர்கள் ரவையை 3 மேசைக்கரண்டி ஆக்கி, கலந்து கால் மணி நேரம் ஊறவிடுங்கள். கிரேக்கர்களும் நோன்புக் காலத்து பிட்டாக்களில் முட்டை, பாலாடைக்கட்டி இல்லாமல் அரிசி, ரவை போன்றவற்றைத்தான் நம்புகிறார்கள். துண்டு கொஞ்சம் உதிரும், ருசியில் குறை வராது.

## 8. தேய்த்தல்

பலரும் பயப்படும் இடம், ஆனால் மாவு நன்றாக ஊறியிருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. கிரேக்க வீடுகளில் கைப்பிடி இல்லாத நீளமான மெல்லிய குச்சியால் தேய்ப்பார்கள், தாளைக் குச்சியில் சுற்றி உள்ளங்கையால் வெளிப்பக்கமாகத் தள்ளித் தள்ளி விரிப்பார்கள். தடித்த உருளைக் கட்டையைவிட அது நல்லது. நம் வீட்டுச் சப்பாத்திக் கட்டை மெலிதாக இருந்தால் அதுவே போதும்.

மேடையில் சோளமாவைத் தூவுங்கள், மைதாவை அல்ல. மைதா தாளுக்குள் ஏறி அதை இறுக்கும். சோளமாவு மேலேயே நிற்கும், ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். உருண்டையை ஒரு சாண் வட்டமாகத் தேய்த்து, பிறகு இரண்டு புறங்கைகளுக்கும் மேல் போட்டு மெதுவாகச் சுழற்றி இழுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு. தட்டைவிட ஒரு கையகலம் பெரிதாக, கீழே கை வைத்தால் நிழல் தெரியும் அளவுக்கு மெலிந்தால் போதும், செய்தித்தாள் படிக்கும் அளவுக்கு மெலியவேண்டும் என்பதெல்லாம் ஆப்பிள் ஸாவினுக்கு.

கிழிந்தால்? அடியில் வைக்கும் தாள்களில் கிழிசல் பரவாயில்லை, மேலே இன்னொரு தாள் வந்து மூடிவிடும். மிக நன்றாக வந்த தாளை மட்டும் உச்சிக்கு எடுத்து வையுங்கள்.

முதல்முறை செய்கிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி: நான்கு உருண்டைகளைச் சின்ன வட்டங்களாகத் தேய்த்து, இடையிடையே எண்ணெய்–நெய்க் கலவை தாராளமாகத் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு மொத்தமாகச் சேர்த்துத் தேய்த்துவிடுங்கள். இப்படி இரண்டு கட்டு, ஒன்று அடிக்கு, ஒன்று மேலுக்கு. அடுக்கு பிரிந்து வரும், வேலை பாதியாகும். தனித்தனித் தாளின் நொறுநொறுப்பு இதில் முழுதாகக் கிடைக்காது, ஆனால் விருந்தினர் வருகிற நாளில் இதுதான் பத்திரம்.

## 9. அடுக்குதல்

அவனை 200 டிகிரிக்கு இப்போதே போடுங்கள். அடுக்கி முடித்த பிட்டா காத்திருக்கக்கூடாது, ஒவ்வொரு நிமிடமும் அடித்தாள் ஈரம் குடிக்கும்.

தடவுவதற்கு ஆலிவ் எண்ணெயும் நெய்யும் சரிபாதி. செக்காரர்கள் வெண்ணெயை உருக்கித் தடவுவார்கள், கிரேக்கர்கள் எண்ணெய். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான், அதனால் நெய் இரண்டையும்விட மேல் என்பது என் கணக்கு. நெய் மட்டும் போட்டால் ஆறியதும் வாயில் மெழுகும், எண்ணெய் கலந்தால் அது இருக்காது.

தட்டில் எண்ணெய் பூசி ஐந்து தாள்கள், ஓரம் வெளியே தொங்கும்படி. ஒவ்வொன்றின் மேலும் தூரிகையால் தெளித்தாற்போல் தடவுங்கள், முழுக்க நனைக்க வேண்டாம். தாளை இழுத்து இஸ்திரி போட்டதுபோல் பரத்தாமல் லேசாகச் சுருக்கம் விழவிடுங்கள், அந்தச் சுருக்கத்துக்குள் சூடான காற்று நுழைந்துதான் மொறுமொறுப்பு வருகிறது. மேலே மூன்று தாள். எடையையும் ஈரத்தையும் தாங்குவது அடிதான், அதனால் அங்கே கூடுதல்.

அடித் தாள்களின் மேல், பூரணத்துக்கு முன்னால், ரொட்டித்தூளை ஒரு கரண்டி நெய்யில் சிவக்க வறுத்துத் தூவுங்கள். செக்காரர்கள் ஆப்பிளின் சாறு மாவில் இறங்காமலிருக்க ஸாவினுக்குள் போடும் அதே வறுத்த ரொட்டித்தூள். இதை விட்டுவிட்டுச் செய்து பார்த்தவர்கள் அடுத்த முறை தாங்களாகவே போட ஆரம்பிக்கிறார்கள்.

பூரணத்தைப் பரப்பி, அழுத்தாமல் சமன் செய்யுங்கள். உயரம் இரண்டு செ.மீ. அளவில் நிற்கட்டும். மிச்சம் இருந்தால் அதைத் திணிக்காதீர்கள், மறுநாள் ஆம்லெட்டுக்கு ஆகும். மேல் தாள்களைப் போட்டு, தொங்கும் ஓரங்களை உள்ளே சுருட்டிக் கயிறுபோல் கரை கட்டுங்கள், கரைக்கும் எண்ணெய்.

## 10. கீறல், தெளிப்பு, அவன்

சுடுவதற்கு முன்பே துண்டுகளுக்குக் கோடு போடுங்கள். கூரான கத்தியால் மேல் தாள்கள் மட்டும் வெட்டுப்படவேண்டும், அடியைத் தொடக்கூடாது. ஆவி போக வழி கிடைக்கும், வெந்த பிறகு வெட்டும்போது மேல்தாள் நொறுங்கிச் சிதறாது. மீதி எண்ணெயைத் தடவி, கையில் தண்ணீர் நனைத்து மேலே இரண்டு மூன்று தடவை உதறுங்கள். தண்ணீரே எதிரி என்றீர்களே என்றால், இந்தத் துளிகள் வெளியே இருப்பவை, மேல்தாள் சீக்கிரம் காய்ந்து வளைந்து எழுவதைத் தடுக்கின்றன, பிறகு ஆவியாகிப் போய்விடும். விருப்பப்பட்டால் ஒரு சிட்டிகை கேரவே மேலே.

கீழ்த் தட்டில் வையுங்கள், நடுத்தட்டில் இல்லை. கீழிருந்து வரும் சூடுதான் முக்கியம். 200 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 180க்கு இறக்கி இன்னும் 35 முதல் 45 நிமிடம். விசிறி ஓடும் அவன் என்றால் இரண்டிலும் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். மேலே சீக்கிரம் சிவந்துவிட்டால் அலுமினியத் தாளை மேலே சும்மா போட்டு வையுங்கள், ஓரங்களை மடித்து மூடாதீர்கள்.

மேல் நிறத்தை நம்பி வெளியே எடுப்பதுதான் புதியவர்கள் கடைசியாகத் தடுக்கும் கல். தட்டைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள், பிட்டா மொத்தமாக வழுக்கி நகரவேண்டும். நகராமல் ஒட்டி நின்றால் அடி இன்னும் ஈரம். தோசைத் திருப்பியால் ஒரு ஓரத்தைத் தூக்கி அடியைப் பாருங்கள், அங்கே பழுப்புத் திட்டுகள் தெரியவேண்டும். வெளிறியிருந்தால், அவனின் அடித்தரையிலேயே தட்டை வைத்து ஏழெட்டு நிமிடம்.

## 11. வெளியே எடுத்த பிறகு

எதைக்கொண்டும் மூடாதீர்கள். துணிகூட வேண்டாம். உள்ளிருந்து எழும் ஆவி வெளியே போகவேண்டும், மூடினால் பட்ட பாடெல்லாம் பத்து நிமிடத்தில் வீண். முடிந்தால் பிட்டாவைத் தட்டிலிருந்து நழுவவிட்டுக் கம்பி வலை மேல் வையுங்கள்.

அரை மணி நேரம் பொறுங்கள். சுடச்சுட வெட்டினால் பூரணம் வழியும், பாலாடைக்கட்டியும் முட்டையும் இறுக நேரம் வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போதுதான் ருசியும் நன்றாகத் தெரியும். பக்கத்தில் கெஃபீர் எனும் புளித்த பால் பானமோ மோரோ ஒரு டம்ளர் இருந்தால் வேறொன்றும் தேவையில்லை.

## 12. கடை ஃபில்லோவில் செய்தால்

தாள்கள் மிக மெலிது, அதனால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்: அடிக்கு எட்டு, மேலுக்கு ஆறு. பாக்கெட்டைப் பிரித்த உடனே ஈரத்துணியால் மூடி, ஒவ்வொரு தாளாக எடுங்கள். துணியிலிருந்து நீர் சொட்டக்கூடாது, சொட்டினால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். உறைபெட்டியிலிருந்து நேராக மேடைக்குக் கொண்டுவந்து விரித்தால் மடிப்பில் எல்லாம் முறியும், இரவு முழுக்க ஃபிரிட்ஜில் இளகவேண்டும். இளகிய பிறகு அரை மணி நேரம் மட்டும் வெளியே.

செக் சூப்பர் மார்க்கெட்டில் தேடுகிறவர்களுக்கு: குளிர்பெட்டியில் தாஷெனே தியெஸ்தோ என்று விற்பது இழுத்த மாவு, அது நமக்குச் சரி. பக்கத்திலேயே இருக்கும் லிஸ்தொவே தியெஸ்தோ பஃப் மாவு, வெண்ணெய் மடித்தது. அதில் செய்தால் மேலே அழகாக உப்பும், அடி வேகாது.

சுடும் நேரமும் குறையும், மொத்தம் 40 நிமிடத்திலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள்.

## 13. மிச்சமும் முன்கூட்டிய வேலையும்

மறுநாள் சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், தோல்போல் ஆகிவிடும். 170 டிகிரி அவனில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், அல்லது அடிக்கனமான தோசைக்கல்லில் சிறு தீயில், மூடாமல்.

முன்கூட்டிச் செய்ய நினைத்தால் பூரணத்தை முட்டை சேர்க்காமல் முந்தின நாளே செய்து ஃபிரிட்ஜில் வைக்கலாம், காலையில் கிண்ணத்தின் அடியில் நீர் தேங்கியிருந்தால் அதை வடித்துவிட்டு முட்டையைச் சேருங்கள். அடுக்கி முடித்ததை அப்படியே ஃபிரிட்ஜில் இரவு வைப்பது மட்டும் கூடாது. வைக்கத்தான் வேண்டும் என்றால் உறைபெட்டியில் கல்லாகும்வரை உறையவைத்து, சுடும்போது இளகவிடாமல், ஆனால் கோடுகளை மட்டும் உறையும் முன்பே போட்டு வைத்து, நேராகச் சூடான அவனுக்குள் தள்ளுங்கள், 20 நிமிடம் கூடுதலாக ஆகும். இளகவிட்டால் காய் மறுபடி நீர் விடும்.